பட்டியலில் 61 மதிப்பெண் வாங்கிய ஊர் உங்களுக்கும் பாதுகாப்பானதா?

கடிதத்தின் சுருக்கம்: வாசகிக்கு வயது 36. விவாகரத்தாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 11 வயது மகளும் 68 வயது அம்மாவும் அவருடன் இருக்கிறார்கள். ஒரே சமயத்தில் இரண்டு ஊர்களிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று பெரிய நகரம். சம்பளம் கூடுதல், ஆனால் வாரத்தில் மூன்று நாள் வேலை முடிய இரவு பத்தரை ஆகும். அலுவலகத்திலிருந்து 3 கிலோமீட்டரில், பேருந்துச் சாலையை ஒட்டிய பழைய அடுக்குமாடியில் ஒரு வீடு கிடைக்கும் போலிருக்கிறது. மற்றது சிறிய நகரம். பகல் வேலை. சுற்றுச்சுவரும் காவலாளியும் உள்ள புதிய வளாகத்தில் வீடு. அங்கிருந்து அலுவலகம் 19 கிலோமீட்டர், நெடுஞ்சாலை வழியாக, ஸ்கூட்டரில். இணையத்தில் அவர் பார்த்த பாதுகாப்புப் பட்டியலில் பெரிய நகரத்துக்கு 38, சிறிய நகரத்துக்கு 61. பெரிய நகரத்தில் அண்மையில் நடந்த ஒரு கொலைச் செய்தியைப் பார்த்துவிட்டு, "பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போகாதே" என்கிறார் அண்ணன். சிறிய நகரத்து வீட்டுத் தரகரோ ஒரு வாரத்துக்குள் முன்பணம் கேட்கிறார். வீட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: முன்னாள் கணவருக்கு அந்தச் சிறிய நகரத்தில் உறவினர்கள் உண்டு. பிரிந்த புதிதில் அவர் இவருடைய அலுவலக வாசலில் பலமுறை வந்து நின்றிருக்கிறார். மகளை மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் பார்க்கலாம் என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது.

பட்டியலை நம்பலாமா, வளாக வீடு உண்மையில் பாதுகாப்பா, பெரிய நகரத்து வேலையை விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கொலைச் செய்திக்கும் பட்டியலுக்கும் மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். முன்னாள் கணவருக்கு ஒன்றரை வரி. நெடுஞ்சாலைப் பயணத்துக்கு "தூரம் கொஞ்சம் அதிகம்" என்று மூன்றே சொற்கள். இந்த அளவுகள் தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் நீங்கள் முதலில் கேட்டது பட்டியலைப் பற்றி. அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

அந்த 38-உம் 61-உம் எங்கிருந்து வந்தன?

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது நம்பியோ (Numbeo) என்ற இணையதளத்தின் பாதுகாப்புக் குறியீடு. அது காவல்துறைக் கணக்கிலிருந்து வருவதில்லை. அந்தத் தளத்துக்கு வருகிறவர்கள், "இரவில் தனியாக நடக்கப் பயமாக இருக்கிறதா, வீடு புகுந்து திருடுவார்கள் என்ற கவலை உண்டா" என்பது போன்ற கேள்விகளுக்கு அளிக்கும் பதில்களின் தொகுப்பு அது. பதில் சொல்பவர் யார், அந்த ஊரில் எத்தனை நாள் இருந்தார், எந்தப் பகுதியில் இருந்தார் என்பதற்கெல்லாம் உறுதி கிடையாது. எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதைப் பக்கத்தின் அடியில் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். பெரிய நகரத்துக்குப் பல நூறு பேரும் சிறிய நகரத்துக்குச் சில பத்துப் பேரும் சொல்லியிருந்தால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசவே கூடாது. ஊர்க்காரர்களின் பயம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அது ஓரளவு உதவும். பயமும் ஆபத்தும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சரி, அப்படியானால் காவல்துறைக் கணக்கையே பார்த்துவிடலாமே என்று தோன்றும். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எதை எண்ணினார்கள், எதால் வகுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே பார்க்க வேண்டும்.

எண்ணும் முறை நாட்டுக்கு நாடு மாறும். ஸ்வீடனில் ஒரே பெண்ணிடம் ஒருவன் பலமுறை அத்துமீறினால் ஒவ்வொரு முறையும் தனிக் குற்றமாகப் பதிவாகும். இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமோ, ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் மிகக் கொடியதை மட்டும் எண்ணுகிறது. இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டு "அந்த நாடு மோசம், இந்த நாடு தேவலை" என்று எழுதப்படும் கட்டுரைகளுக்கு அர்த்தமே இல்லை.

வகுக்கும் எண்ணும் அப்படித்தான். ஒரு கடைத்தெருப் பகுதியில் 30,000 பேர் குடியிருக்கிறார்கள், ஆண்டுக்கு 900 திருட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்சம் பேருக்கு 3,000 என்று கணக்கு வரும், பார்த்தாலே பயம் வரும். ஆனால் அந்தத் தெருவுக்குத் தினமும் இரண்டரை லட்சம் பேர் வந்து போகிறார்கள் என்றால் அவர்களையும் சேர்த்து வகுக்க வேண்டும். அப்போது லட்சத்துக்கு 321. நகர மையங்களும் ரயில் நிலையப் பகுதிகளும் எல்லா ஊரிலும் வரைபடத்தில் சிவப்பாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஊர் எல்லையும் எண்ணை மாற்றும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் 1876-இல் தன் சுற்று வட்டாரத்திலிருந்து தனியாகப் பிரிந்தது. அமைதியான புறநகர்கள் கணக்குக்கு வெளியே போய்விட்டதால், அந்த நகரத்தின் கொலை விகிதம் பட்டியல்களில் நெடுங்காலமாக உச்சத்தை ஒட்டியே நின்று வந்திருக்கிறது. இந்தியப் பெருநகரங்களின் விகிதங்கள் 2011 மக்கள்தொகையை வைத்தே கணக்கிடப்பட்டு வந்திருக்கின்றன. அதன் பிறகு வேகமாக வளர்ந்த ஊர்கள் உள்ளதைவிட மோசமாகத் தெரியும்.

எண் குறைவாக இருந்தால் நல்லது என்றும் உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014-இல் காவல்துறையைக் கண்காணிக்கும் ஆய்வு அமைப்பு சோதித்தபோது, மக்கள் வந்து சொன்ன குற்றங்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று பதிவேட்டில் ஏறவே இல்லை என்று தெரிந்தது. பாலியல் குற்றங்களில் நான்கில் ஒன்று. பதிவு முறையைச் சரிசெய்த பிறகு எண் ஏறியது. அந்த ஏற்றத்தைப் பார்த்து ஊர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினால் தவறு. பெண்கள் புகார் கொடுக்கத் துணியும் ஊரில், புகாரை வாங்கிக்கொள்ளும் ஊரில், எண் கூடுதலாகத்தான் இருக்கும். உங்கள் சிறிய நகரத்தில் குடும்ப வன்முறை வழக்கு ஏறக்குறைய இல்லை என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது.

மறைக்கக் கடினமான குற்றங்கள் இரண்டு: கொலை, வாகனத் திருட்டு. முதலாவதில் உடல் இருக்கிறது, இரண்டாவதில் காப்பீட்டுத் தொகைக்காகப் புகார் தேவைப்படுகிறது. ஊரோடு ஊரை ஒப்பிட வேண்டுமானால் இந்த இரண்டையும் ஐந்து ஆண்டு சராசரியாக எடுத்து ஒப்பிடுங்கள். ஓராண்டு எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். இப்படிப்பட்ட சிறிய எண்கள் தம் வர்க்கமூலத்தின் இரு மடங்கு வரை தற்செயலாகவே ஏறி இறங்கும். சிறிய ஊரில் ஓராண்டில் 9 கொலை என்றால், 9-இன் வர்க்கமூலம் 3, அதன் இரு மடங்கு 6. ஆக அடுத்த ஆண்டு 3 வந்தாலும் 15 வந்தாலும் அது தற்செயல் ஏற்ற இறக்கமாகவே இருக்கக்கூடும். "கொலைகள் 67 சதவீதம் அதிகரிப்பு" என்று தலைப்பு மட்டும் தவறாமல் வந்துவிடும்.

நீங்கள் குடியேறப்போவது எத்தனை தெருக்களில்?

குற்றவியலில் ஒரு கண்டுபிடிப்பு திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் ஓராண்டில் காவல்துறைக்கு வந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளை ஆராய்ந்து 1989-இல் வெளியிட்டார்கள். பாதி அழைப்புகள் நகரின் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்திருந்தன. பிற நகரங்களிலும் இதே போக்குதான். ஒரு நகரம் ஆபத்தானது என்று பேசும்போது உண்மையில் சில மதுக்கூடங்கள், சில பேருந்து நிலையங்கள், சில தெருமுனைகள், அவற்றிலும் சில மணி நேரங்களைப் பற்றித்தான் பேசுகிறோம். அண்ணன் பார்த்த கொலைச் செய்தி எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யாருக்கும் யாருக்கும் இடையே நடந்தது என்று அவரிடமே கேளுங்கள். நீங்கள் அனுப்பிய செய்தித் துணுக்கின்படி, அது நீங்கள் பார்க்கும் வீட்டிலிருந்து நகரின் மறு எல்லையில், ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த இரண்டு ஆண்களுக்கு இடையே, பணத் தகராறில் நடந்திருக்கிறது.

ஆகவே வரைபடத்தில் நகரத்தைப் பார்க்க வேண்டாம். வீடு, அலுவலகம், பள்ளி, இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை, அம்மா நடக்கப்போகும் இடம் ஆகிய ஐந்து புள்ளிகளை வையுங்கள். அவற்றை இணைக்கும் சாலைகளை வரையுங்கள். நீங்கள் வாழப்போகும் ஊர் அவ்வளவுதான். தெரு வாரியான குற்ற விவரம் கிடைக்கும் நாடு என்றால் அந்தக் கோடுகளின்மேல் மட்டும் தேடுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறைகள் 2011 முதல் அத்தகைய வரைபடம் தருகின்றன. ஆனால் அடையாளம் தெரியாமலிருக்கப் புள்ளிகளைச் சற்று நகர்த்தியே வைக்கிறார்கள், குறிப்பிட்ட வீட்டு வாசலில் நடந்ததாகப் படிக்கக் கூடாது. இந்தியாவில் முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காவல் நிலையத்தையும் தேதியையும் கொடுத்துத் தேடலாம். பாலியல் குற்றங்கள் போன்றவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. அங்கே காணவில்லை என்பதால் நடக்கவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

நேரில் போகும்போது

இரண்டு ஊருக்கும் இரண்டிரண்டு நாள் ஒதுக்குங்கள். வீட்டை ஒருமுறை பகலில் பார்த்துவிட்டு வருவது வீட்டைப் பற்றித்தான் சொல்லும், தெருவைப் பற்றிச் சொல்லாது. பள்ளி தொடங்கும் நேரம், மாலை ஆறு மணி, நீங்கள் வேலை முடிந்து வரும் இரவு பத்தே முக்கால், வார இறுதி இரவு என்று நான்கு வேளைகளில் அந்தச் சாலைகளில் நடக்க வேண்டும். இரவுக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவரும் நேரில் பார்த்ததுபோல் ஆகும்.

விளக்கைப் பார்க்கும்போது எவ்வளவு பிரகாசம் என்று பார்க்காதீர்கள், எங்கே விட்டுப்போகிறது என்று பாருங்கள். கண் கூசும் ஒரு விளக்கும் அதை அடுத்து நாற்பது அடி இருட்டும் இருந்தால், கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் நீங்கள் அதைக் கடந்திருப்பீர்கள். சீரான மங்கல் வெளிச்சம் அதைவிட மேல். மரக்கிளை மறைத்த விளக்குகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கு உண்மையிலேயே பலன் உண்டு. நியூயார்க்கில் 2016-இல் அரசுக் குடியிருப்புகள் சிலவற்றில் மட்டும் கூடுதல் விளக்குகள் வைத்துச் சோதித்தார்கள். அங்கே இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்தன.

அடுத்தது கண்கள். தெருவைப் பார்த்த சன்னல், திண்ணை, கடை எத்தனை? கடைசிக் கடை எத்தனை மணிக்கு மூடுகிறது? இரவு பத்தரைக்குத் தனியாகப் போகும் பெண்கள், வயதானவர்கள் கண்ணில் படுகிறார்களா? அவர்கள் நிதானமாக நடக்கிறார்களா, ஓட்டமும் நடையுமாகப் போகிறார்களா? இருபுறமும் வெறும் மதிலாக நீளும் சாலைதான் எனக்குப் பிடிக்காத சாலை. அதில் நுழைந்துவிட்டால் ஒதுங்க வாசல் கிடையாது, கூப்பிட்டால் கேட்க ஆள் கிடையாது. நின்றிருக்கும் வண்டிகளின் அருகே உடைந்த கண்ணாடித் துகள், அண்மையில் மாற்றிய பூட்டுகள், ஒரே தெருவில் பல வீடுகளில் புதிதாகப் பொருத்திய கம்பிக் கதவு ஆகியவையும் தகவல்தான்.

ஆட்களிடம் கேட்கும்போது "இந்த ஏரியா சேஃபா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள், அல்லது எல்லா ஊரையும் போலத்தான் என்பார்கள். "உங்கள் மகளை இரவு ஒன்பதுக்கு மேல் எந்தத் தெரு வழியாக அனுப்ப மாட்டீர்கள்?" என்று கேளுங்கள், உடனே தெருப் பெயர் வரும். "கடைசியாக இங்கே வீடு புகுந்தது எப்போது?" என்பதும் நல்ல கேள்வி. மருந்துக்கடைக்காரர், இரவுப் பணி முடிந்து திரும்பும் செவிலியர், காவலாளி, இஸ்திரி போடுபவர் போன்றோரிடம் கேட்கலாம். தரகரிடம் கேட்பதில் பயனில்லை. ஓர் எச்சரிக்கை: "அந்தப் பக்கத்து ஆட்கள் சரியில்லை" என்ற பதில் வந்தால் அங்கேயே நிறுத்தி, என்ன நடந்தது, எந்த மாதம், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். சம்பவம் எதுவும் வராமல் முகச்சுளிப்பு மட்டும் வந்தால், அவர்களின் ஏழ்மையையோ சாதியையோ மதத்தையோ பற்றிய அபிப்பிராயத்தைத்தான் அவர் சொல்கிறார். அது உங்கள் குறிப்பேட்டில் ஏற வேண்டியதில்லை.

காவல் நிலையத்துக்கும் ஒருமுறை போய், இந்தத் தெரு எந்த ரோந்தில் வருகிறது, எந்தப் புகார் அதிகம் வருகிறது என்று கேளுங்கள். பதிலைவிட, வெளியூர்ப் பெண் ஒருவர் கேள்வி கேட்டால் எப்படி நடத்துகிறார்கள் என்பது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

வளாகச் சுவர் எதைத் தடுக்கும்?

வழிப்போக்கரான திருடனை ஓரளவு தடுக்கும். குழந்தைகள் உள்ளே விளையாடலாம், அம்மா மாலையில் பயமின்றி நடக்கலாம். இவை சிறிய நன்மைகள் இல்லை. ஆனால் நீங்கள் நினைப்பதுபோல் சுவர் இருக்கிறது என்பதால் கதவைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது. வாசல் பதிவேட்டில் வருபவர் பெயரை எழுதினால் போதுமா, வீட்டுக்கு அழைத்துக் கேட்கிறார்களா? முன்னால் போகும் வண்டியோடு ஒட்டிக்கொண்டு நுழைந்தால் தடுக்கிறார்களா? இதை நீங்களே ஒருமுறை நடந்து உள்ளே போய்ச் சோதிக்கலாம். பின்மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது? இரவு இரண்டு மணிக்கு எத்தனை காவலாளிகள்? வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை போகும் இணைப்புச் சாலையில் விளக்கு உண்டா? புது வளாகங்களில் பெரும்பாலும் அந்தத் துண்டுச் சாலைதான் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும்.

எந்த வீடானாலும் குடிபோகும் நாளிலேயே பூட்டின் உருளையை மாற்றிவிடுங்கள். பழைய குடித்தனக்காரர், வர்ணம் பூசியவர், தரகர் என்று எத்தனை சாவி வெளியே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கதவு நிலையில் பூட்டு நாக்கு நுழையும் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். அரை அங்குலத் திருகாணியில் நின்றால் ஓர் உதையில் பெயர்ந்து வரும். 3 அங்குலத் திருகாணி சுவருக்குள் ஏறிப் பிடிக்கும். நல்ல பூட்டு போட்டும் கதவு போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எல்லாச் சன்னலுக்கும் கம்பி போட்டுவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள், தீப்பிடித்தால் வெளியே வர வழி வேண்டும். ஒரு கம்பியாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் அடுத்த இரண்டு வாரங்கள், ஏறத்தாழ 200 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு ஆபத்து கூடும் என்று பல நாட்டு நகரங்களில் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் திருட்டு என்று கேள்விப்பட்டால் பழுதுபார்ப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தப் 19 கிலோமீட்டர்

உலகில் 2021-இல் வேண்டுமென்றே கொல்லப்பட்டவர்கள் சுமார் 4,58,000 பேர் என்கிறது ஐ.நா. அதே ஆண்டு சாலை விபத்தில் இறந்தவர்கள் 11,90,000 பேர் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இரண்டரை மடங்குக்கும் மேல். 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் உயிரைப் பறிப்பதில் சாலைதான் முதலிடம். கொலை தலைப்புச் செய்தியாகிறது, ஸ்கூட்டர் விபத்து உள்பக்கத்தில் நான்கு வரி. தினமும் 38 கிலோமீட்டர், கனரக வாகனங்களோடு, இரு சக்கரத்தில் என்பது உங்கள் கடிதத்தில் உள்ள மிகப்பெரிய ஆபத்துகளில் ஒன்று என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். சாலையின் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ச்சேதம் தரும் விபத்து 4 சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. சிறிய நகரத்தைத் தேர்ந்தெடுத்தால் அலுவலகத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் சாதாரணத் தெருவில் வீடு தேடுங்கள், அல்லது பேருந்தில் போங்கள். மகளின் பள்ளிக்கும் இதே கேள்விதான்: அவள் எத்தனை பெரிய சாலைகளைக் கடக்க வேண்டும்?

பெரிய நகரத்தில் உங்கள் பலவீனம் இரவு பத்தரை மணி. அதை நிறுவனத்திடம் கேட்டுத் தீர்க்கலாம். வேலையை ஏற்கும் முன் எழுத்தில் கேளுங்கள்: இரவில் வாகனம் தருவார்களா, வாசல் வரையா, தெருமுனை வரையா, ஓட்டுநர் பின்னணியைச் சரிபார்த்தார்களா, பெண் ஒருவர் மட்டும் கடைசியாக வண்டியில் மிஞ்சும்போது துணைக் காவலர் இருப்பாரா? பல ஊர்களில் இரவுப் பணிப் பெண்களுக்கு இது சட்டப்படியே நிறுவனத்தின் பொறுப்பு. வாகனம் இல்லை என்றால் அந்த மூன்று நாளுக்கும் வாடகைக் காருக்கு ஆகும் செலவைக் கூடுதல் சம்பளத்திலிருந்து கழித்துவிட்டு, பிறகு சம்பளத்தை ஒப்பிடுங்கள். அந்த மூன்று இரவுகளிலும் மகளும் அம்மாவும் வீட்டில் தனியாக இருப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இதில் சிறிய நகரத்துக்குத்தான் மதிப்பெண் அதிகம், மறுக்கவில்லை.

ஒன்றரை வரியில் நீங்கள் சொல்லிவிட்டுப் போனது

2023-இல் உலகெங்கும் கொல்லப்பட்ட பெண்கள், சிறுமிகளில் சுமார் 60 சதவீதம் பேர் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டார்கள். எண்ணிக்கையில் 51,100. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இருட்டுத் தெருவில் வரப்போகும் முகம் தெரியாதவனுக்காக ஊரையே அளந்துகொண்டிருக்கும் நீங்கள், உங்கள் அலுவலக வாசலில் பலமுறை வந்து நின்றவரைப் பற்றிக் கேள்வியே கேட்கவில்லை. அவருடைய உறவினர்கள் அந்த ஊரில் இருப்பதை "ஆத்திர அவசரத்துக்கு உதவுவார்கள்" என்று நன்மைப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்பது அவர்கள் வழியாக அவருக்குப் போகும். வாசல் பதிவேட்டில் "உறவினர்" என்று எழுதிவிட்டு அவர் உள்ளே வரலாம்.

உங்களை நீங்களே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எப்போதாவது உங்கள் கழுத்தை நெரித்திருக்கிறாரா? ஆயுதத்தைக் காட்டியிருக்கிறாரா? கொன்றுவிடுவேன், செத்துவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா? இப்போதும் பின்தொடர்கிறாரா? கழுத்தை நெரித்த அனுபவம் இருந்தால் பிற்காலத்தில் கொலையில் முடியும் அபாயம் ஏழு மடங்கு அளவுக்குக் கூடுகிறது என்று 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒன்றுக்காவது ஆம் என்றால் ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் பெண்கள் உதவி மையத்தையும் வழக்கறிஞரையும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் நல்லது. அப்போதும் இவற்றைச் செய்யுங்கள்:

கைப்பேசியிலும் மகளின் டேப்லெட்டிலும் இருப்பிடப் பகிர்வையும், முன்பு இருவரும் பயன்படுத்திய மின்னஞ்சல், புகைப்படக் கணக்குகளையும் துண்டியுங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதாது, எந்தெந்தக் கருவிகள் இன்னும் உள்நுழைந்திருக்கின்றன என்ற பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியேற்ற வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடும் படி இதுதான்.

மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துச் செல்லத் தகுதியானவர்கள் யார் யார் என்று எழுதி, நீதிமன்ற உத்தரவின் நகலோடு பள்ளியில் கொடுங்கள்.

அவர் வாசலில் வந்து நின்ற தேதிகள், அனுப்பிய செய்திகள் ஆகியவற்றை அழிக்காமல் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள்.

பாதுகாப்பு ஆணை ஏதும் பெற்றிருந்தால் புது ஊரில் அது செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பெற்ற உத்தரவு நாடு முழுவதும் செல்லும். நாடு விட்டு நாடு போனால் தனியாகப் பார்க்க வேண்டும்.

நீங்கள் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. மாதம் இரண்டு ஞாயிறு தகப்பன் பார்க்கலாம் என்று உத்தரவு இருக்கும்போது, அது நடக்க முடியாத தூரத்துக்கு மகளைச் சொல்லாமல் கூட்டிப்போனால் நீங்களே உத்தரவை மீறியவர் ஆகலாம். மகள் யார் பொறுப்பில் வளர வேண்டும் என்ற வழக்கில் அது உங்களுக்கு எதிராகப் பயன்படும். வேறு நாடு என்றால் இன்னும் சிக்கல், குழந்தைக் கடத்தல் பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை குறுக்கே வரக்கூடும். வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் மனு கொடுத்து, சந்திப்பு நாட்களை விடுமுறைக்கு மாற்றிக் கேளுங்கள். சந்திப்பு உங்கள் வீட்டில் வேண்டாம், பொதுவான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டு முகவரியை வெளியிடாமல் வைக்கக் கோர முடியுமா என்றும் கேளுங்கள். பணியில் சேரும் தேதியை இந்த மனுவுக்கு ஏற்பத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எந்த ஊர் என்று என்னையே சொல்லச் சொன்னால்: இரவு வாகனத்தை நிறுவனம் எழுத்தில் கொடுத்து, அந்த மூன்று இரவுக்கும் வீட்டில் துணை ஏற்பாடு ஆனால் பெரிய நகரம். கொடுக்காவிட்டால் சிறிய நகரம், ஆனால் அந்த வளாகம் வேண்டாம், அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேறு வீடு. முன்னாள் கணவர் பற்றிய கேள்விகளுக்கு ஒன்றேனும் ஆம் என்று வந்தால் சிறிய நகரத்தை விட்டுவிடுங்கள், சம்பளம் எவ்வளவானாலும் சரி.

தரகருக்கு இந்த வாரம் பணம் அனுப்ப வேண்டாம். பார்க்காத வீட்டுக்கு அவசரப்படுத்தி முன்பணம் கேட்பது வாடகை மோசடியின் வழக்கமான முகம். அவர் அனுப்பிய படங்களை இணையத்தில் படத் தேடலில் போட்டுப் பாருங்கள், வேறு ஊர் விளம்பரத்தில் அதே சமையலறை வந்தாலும் வரும். உண்மையான வீடுதான் என்றால் உரிமையாளரின் அடையாள அட்டை, அவர் பெயரில் சொத்து வரி ரசீது, நேரில் பார்க்க ஒரு நாள் என்று மூன்றையும் கேளுங்கள். எந்த ஊரானாலும் முதல் ஆறு வாரம் மாத வாடகையில் தற்காலிகமாகத் தங்கி, அந்த நான்கு வேளைகளையும் நீங்களே வாழ்ந்து பார்த்த பிறகு ஒப்பந்தம் போடலாம். ஒப்பந்தத்தில், பாதுகாப்புக் காரணத்தால் ஒரு மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம், முன்பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும் என்ற வரி இருக்க வேண்டும். அதை எழுத மறுக்கும் உரிமையாளரிடம் காரணத்தைக் கேளுங்கள். காரணம் சரியாக இல்லையென்றால் அடுத்த வீட்டைப் பார்க்கப் போங்கள்.